குடித்துவிட்டு ஓட்டி விபத்து: அபராதத்தோடு முடியுமா, வக்கீல் வேண்டுமா?

கேள்வி: பைக் மோதி ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. ஊதச் சொன்னதில் மது அளவும் அதிகம். கோர்ட்டில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாமா?

கட்டாதீர்கள், முதலில் எஃப்.ஐ.ஆர். நகலை வாங்கிப் பிரிவுகளைப் பாருங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185 மட்டும் என்றால் முதல் முறைக்கு 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும். பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொண்டு கட்டிவிட்டுப் போகிறார்கள். அடுத்த முறை மாட்டினால் 2 ஆண்டு வரை சிறை, 15,000 ரூபாய் என்பது அப்போது யார் நினைவிலும் இருப்பதில்லை.

உங்கள் வழக்கு அதோடு நிற்காது. எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம், பி.என்.எஸ். (இப்போதைய குற்றச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா) 125(பி), 3 ஆண்டு வரை சிறை. எஃப்.ஐ.ஆரில் சாதாரணக் காயம் என்று இருந்தாலும், மருத்துவமனையின் காயச் சான்றிதழ் வந்ததும் பிரிவை மாற்றுவார்கள். அடிபட்டவர் இறந்துபோனால் 106(1), 5 ஆண்டு வரை. அதுவும் ஜாமீனில் விடக்கூடியதுதான். ஆனால் போதையைக் காட்டி 105 (கொலை ஆகாத மரணம் விளைவித்த குற்றம்) போட்டால் ஸ்டேஷன் ஜாமீன் கிடையாது. அதனால் அவர் உடல்நிலையை வக்கீலுக்கு உடனுக்குடன் சொல்லிக்கொண்டே இருங்கள்.

கிரிமினல் கோர்ட்டில் நீங்கள் ஒப்புக்கொண்டதை, நஷ்டஈடு கேட்கும் தீர்ப்பாயத்தில் உங்களுக்கு எதிராகவே எடுத்து வைப்பார்கள். அங்கே வரும் இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் உங்கள் வக்கீல் அல்ல. போதையைக் காரணம் காட்டி, கொடுத்த பணத்தை உங்களிடம் வசூலிக்கவே கம்பெனி வழி தேடும். அவர் நீட்டும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீல் முதலில் பார்க்க வேண்டியது ஊதிய கருவியின் சீட்டு: அளவு, நேரம், கருவியின் எண், உங்கள் கையெழுத்து. 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் என்பதுதான் வரம்பு. கருவியைக் கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள் என்றும் கேட்க வேண்டும். 185-ல் கைது செய்தால் 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் பரிசோதிக்க வேண்டும், இல்லையேல் காவலிலிருந்து விட வேண்டும் என்கிறது பிரிவு 202. கைது நேரத்தையும் மருத்துவச் சீட்டின் நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். ஊத மறுப்பது தப்பிக்கும் வழியல்ல, மறுத்ததையே சாட்சியமாக்குவார்கள்.

உங்கள் வழக்கு நடக்கும் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே தினமும் கிரிமினல் வழக்கு நடத்தும் வக்கீலாகப் பாருங்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவரே வருவாரா, ஜூனியரா? ஃபீஸில் ஜாமீனும், பைக்கை மீட்கும் மனுவும், லைசென்ஸ் பற்றிய ஆர்.டி.ஓ. நோட்டீஸுக்குப் பதிலும் அடங்குமா? இதையெல்லாம் வக்காலத்தில் கையெழுத்துப் போடுமுன் கேட்டுவிடுங்கள். 'ஆளைத் தெரியும், முடித்துத் தருகிறேன்' என்பவர் வாசலில் நிற்கும் புரோக்கராகத்தான் இருப்பார்.

வக்கீல் வைக்கப் பணமில்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு வருமான வரம்பு இல்லை. உதவி எண் 15100. எஃப்.ஐ.ஆர். நகலும் சம்மனும் கையில் இருக்கட்டும்.