நெருக்கடியான காலத்தில் நல்ல இராணுவத் தலைமை, சமூகத் தொண்டு, இன நீதி மூன்றும் ஒருவரிடமே சேர்ந்திருந்ததற்கு உண்மையான உதாரணம் உண்டா?

உண்டு. இந்தக் கேள்வியை யார் கேட்டாலும் நான் முதலில் சொல்லும் பெயர், அமெரிக்க இராணுவத்தின் மேஜர் சாரிட்டி ஆடம்ஸ். இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்ட ஒரே பெரிய கறுப்பினப் பெண்கள் படைப்பிரிவான 6888-ஆவது மத்திய அஞ்சல் பட்டாலியனுக்கு 26 வயதில் தலைமை தாங்கியவர் அவர். அந்தப் பட்டாலியன் எந்தக் கோட்டையையும் பிடிக்கவில்லை. தேங்கிக் கிடந்த கடிதங்களைப் பிரித்து, உரியவரைத் தேடிப் பிடித்து அனுப்பி வைத்தது.

கடிதம் பிரிப்பது ஒரு பெரிய வேலையா என்று நினைப்பவர்களுக்காக, என் வீட்டைப் பற்றி இரண்டு வரி. என் தகப்பனார் இராணுவத்தில் இருந்தவர். அவர் எங்கே இருக்கிறார் என்பது எங்களுக்குத் தெரியாது, அவருடைய எண்ணும் பிரிவும் 'மேற்பார்வை 56 ஏ.பி.ஓ.' என்ற இராணுவ அஞ்சலக முகவரியும் மட்டுமே தெரியும். 1999-இல் கார்கில் போர் நடந்த வாரங்களில் அவருடைய கடிதம் வராமல் நின்றபோது, அம்மா தினமும் பதினோரு மணிக்குக் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொள்வார். தபால்காரர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போவார். பிறகு ஒருநாள், நீல நிற இன்லாண்ட் கடிதங்கள் மூன்று சேர்ந்தாற்போல் வந்தன. அம்மா அவற்றைப் பிரிக்காமலேயே மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எங்கோ ஓர் இராணுவ அஞ்சலகத்தில் யாரோ ஒருவர் அந்தக் கடிதங்களை ஒழுங்காகப் பிரித்திருக்கிறார் என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை. சாரிட்டி ஆடம்ஸைப் பற்றிப் படித்த பிறகே தோன்றியது.

அவர் 1918-இல் வட கரோலினாவில் பிறந்து, தென் கரோலினாவின் கொலம்பியா நகரத்தில் வளர்ந்தவர். தந்தை சபைப் போதகர், தாய் ஆசிரியை. ஒஹாயோ மாநிலத்தின் வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் படித்து 1938-இல் பட்டம் பெற்று, ஊருக்குத் திரும்பிக் கணக்கு ஆசிரியையாக இருந்தார். 1942-இல் பெண்களுக்கான துணை இராணுவப் பிரிவு தொடங்கப்பட்டபோது அதன் முதல் அதிகாரிகள் வகுப்பில் சேர்ந்தார். 440 பேர் கொண்ட அந்த வகுப்பில் கறுப்பினப் பெண்கள் சுமார் 40 பேர். அயோவா மாநிலத்தில் இருந்த பயிற்சி முகாமுக்குக் கறுப்பினப் பெண்களும் வெள்ளையினப் பெண்களும் ஒன்றாகவே பயணம் செய்து வந்து, ஒன்றாகவே முதல் உணவையும் உண்டார்கள். அதன் பிறகு ஓர் இளம் அதிகாரி வந்து, கறுப்பினப் பெண்கள் அனைவரும் ஒருபக்கமாக ஒதுங்கி நிற்கும்படி கூறினார். வெள்ளையினப் பெண்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைக்கப்பட்டார்கள். இவர்களோ மொத்தமாக நிறத்தைச் சொல்லி அழைக்கப்பட்டார்கள். நாட்டுக்குச் சேவை செய்யத் தாமாக முன்வந்த பெண்களுக்குக் கிடைத்த முதல் உத்தரவு அதுதான்.

பயிற்சி முடித்து, அந்தப் பிரிவின் முதல் கறுப்பினப் பெண் அதிகாரியாகி, விடுப்பில் ஊருக்கு வந்தபோதும் நிம்மதி கிடைக்கவில்லை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்துக்கு உள்ளூர்த் தலைவராக இருந்தவர் அவருடைய தந்தை. கறுப்பினத்தவரை அச்சுறுத்தி வந்த கு கிளக்ஸ் கிளான் என்னும் வெள்ளையினவெறிக் கூட்டத்தார் முகமூடியுடன் வந்து வீட்டுக்கு எதிரே வண்டிகளை நிறுத்தியிருக்க, குடும்பமே கண்விழித்து உட்கார்ந்திருந்த ஓர் இரவைப் பற்றி அவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். நாட்டின் சீருடையை அணிந்த மகள் வீட்டுக்குள் இருக்கும்போதே அது நடந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் பதறுகிறது.

1945 ஜனவரியில், மூடிய உறையில் ஓர் உத்தரவைக் கொடுத்து, விமானம் கடலுக்கு மேலே சென்ற பிறகே பிரிக்க வேண்டும் என்று சொல்லி அவரை ஐரோப்பாவுக்கு அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தபோதுதான் தாம் எங்கே போகிறோம் என்பதே அவருக்குத் தெரிந்தது. கறுப்பினப் பெண்களை வெளிநாட்டுப் பணிக்கு அனுப்ப இராணுவம் தானாக முன்வந்துவிடவில்லை. கறுப்பினப் பத்திரிகைகளும், கறுப்பினக் கல்வியாளர் மேரி மெக்லியோட் பெத்யூனும், குடியரசுத் தலைவரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டும் கொடுத்த அழுத்தத்தால்தான் 855 பெண்களைக் கொண்ட அந்தப் பட்டாலியன் உருவானது. இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது, விமானக் கொட்டகைகளின் கூரையைத் தொடும் அளவுக்குக் கடிதங்களும் பொட்டலங்களும் குவிந்து கிடந்தன. ஒரு கோடியே எழுபது லட்சம் உருப்படிகள் என்று மதிப்பிடப்பட்ட குவியல் அது. போய்ச் சேராத கிறிஸ்துமஸ் பொட்டலங்களில் இருந்த கேக்குகளை எலிகள் கடித்துக் குதறியிருந்தன. விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஜன்னல்களுக்கு இருட்டு வண்ணம் பூசியிருந்தார்கள். உள்ளே கணப்பு வசதியும் கிடையாது. பெண்கள் கோட்டுக்கு மேல் கோட்டு அணிந்துகொண்டு வேலை செய்தார்கள்.

ஆறு மாத அவகாசம் கொடுக்கப்பட்டிருந்த அந்த வேலையை அவர்கள் மூன்றே மாதத்தில் முடித்தார்கள். எட்டு மணி நேரம் வீதம் மூன்று ஷிப்டுகள், வாரத்தின் ஏழு நாளும் வேலை, ஒரு ஷிப்டுக்குச் சுமார் 65,000 உருப்படிகள். ஐரோப்பாவில் இருந்த ஏறத்தாழ எழுபது லட்சம் அமெரிக்கர்களுக்கும் ஆளுக்கொரு அட்டை வைத்து, படைப்பிரிவு இடம் மாறும்போதெல்லாம் அட்டையிலும் மாற்றினார்கள். ராபர்ட் ஸ்மித் என்ற பெயரில் மட்டும் 7,500 பேர் இருந்தார்களாம். இராணுவ எண்ணை ஒப்பிட்டுத்தான் இந்த ஸ்மித்தையும் அந்த ஸ்மித்தையும் பிரிக்க முடிந்தது. 'ஜூனியர், அமெரிக்க இராணுவம்' என்று செல்லப்பெயரை மட்டும் எழுதி அனுப்பியிருந்த தாய்மார்களின் கடிதங்களும் அவற்றில் உண்டு. ஏதேனும் துப்புக் கிடைக்கிறதா என்று தேடி, அந்த ஜூனியர் யார் என்று கண்டுபிடித்தார்கள். இறந்துபோனவர்களின் பெயருக்கு வந்த கடிதங்களைத் தனியே எடுத்து, திருப்பி அனுப்ப வேண்டிய வேலையும் அவர்களுடையதே. என் அம்மாவின் மடியில் இருந்த மூன்று கடிதங்களை நினைத்துக்கொண்டுதான் நான் இந்தப் பகுதியை எப்போதும் படிக்கிறேன்.

சாரிட்டி ஆடம்ஸைப் பற்றிப் பேசுபவர்கள் அனைவரும் சொல்லும் சம்பவம் ஒன்று உண்டு. ஒரு ஜெனரல் அணிவகுப்பைப் பார்வையிட வந்தார். இரவு ஷிப்டு முடிந்து ஒரு பகுதியினர் தூங்கிக்கொண்டிருந்ததாலும், மற்றொரு பகுதியினர் வேலையில் இருந்ததாலும் எல்லாரும் அணியில் நிற்கவில்லை. ஆத்திரமடைந்த அவர், பட்டாலியனை எப்படி நடத்துவது என்று காட்டுவதற்கு வெள்ளையின லெப்டினன்ட் ஒருவரை அனுப்பப் போவதாகக் கூறினார். மேஜர் ஆடம்ஸ், தம் வீரர்கள் கேட்க, "என் பிணத்தைத் தாண்டித்தான் அது நடக்கும், ஐயா" என்று பதில் சொன்னார். ஜெனரல் அவரை இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தக் கிளம்பினார். ஆடம்ஸ் அழவுமில்லை, மன்னிப்புக் கேட்கவுமில்லை. தம் அதிகாரிகளுடன் உட்கார்ந்து விதிகளைப் புரட்டினார். இனப் பிரிவினையை வலியுறுத்தும் பேச்சைத் தவிர்க்கும்படி நேசநாடுகளின் தலைமையகம் தளபதிகளுக்கு முன்பே ஓர் உத்தரவு அனுப்பியிருந்தது. அதை மீறியதாக ஜெனரல் மீதே குற்றச்சாட்டு எழுதத் தொடங்கினார். ஜெனரல் தம் புகாரைக் கைவிட்டார். பிற்பாடு நேரில் சந்தித்தபோது அவர்மீது தமக்கு ஏற்பட்ட மதிப்பையும் சொன்னார்.

மெய்சிலிர்க்க வைக்கும் சம்பவம்தான். ஆனால் அவருடைய தலைமையின் சிகரம் வேறோர் இடத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

லண்டனில் விடுப்புக்கு வரும் இராணுவப் பெண்கள் தங்குவதற்குச் செஞ்சிலுவைச் சங்கத்தின் விடுதி இருந்தது. 6888-இன் பெண்களும் அங்கே தங்கத் தொடங்கியதும், கறுப்பினப் பெண்களுக்கென்று தனியாக ஒரு விடுதியை அந்தச் சங்கம் ஏற்பாடு செய்தது. தனி இடத்தில் இருந்தால் அவர்களுக்குத்தான் வசதி என்று விளக்கமும் கூறியது. தனிக் குவளை வைத்திருந்த தேநீர்க்கடைகளைப் பற்றி அறிந்த நம்மவர்களுக்கு, அந்தக் குவளை எவ்வளவு சுத்தமாகக் கழுவப்பட்டிருந்தாலும் அதை ஏன் கையில் எடுக்கக் கூடாது என்று விளக்க வேண்டியதில்லை. தாம் தலைமையில் இருக்கும்வரை தம் பட்டாலியனைச் சேர்ந்த ஒரு பெண்ணும் இங்கே ஓர் இரவுகூடத் தங்கமாட்டாள் என்று ஆடம்ஸ் சொல்லிவிட்டார். பிறகு தம் பெண்களிடம் விஷயத்தை எடுத்துச் சொன்னார். தமக்குத் தெரிந்தவரை ஒருவர்கூட அங்கே தங்கவில்லை என்று பின்னாளில் எழுதினார். கறுப்பினத்தவருக்கென்று தனிப் பொழுதுபோக்கு மையம் நடத்திக்கொள்ளும்படி அனுப்பப்பட்ட சாமான்களையும் அவர் திருப்பி அனுப்பினார்.

ஜெனரலை எதிர்த்தபோது ஆபத்து அவருடைய தலைக்கு மட்டுமே இருந்தது. விடுதியை மறுத்தபோதோ, வாரத்தில் ஏழு நாளும் குளிரில் உழைத்துக் களைத்த பெண்களிடம், கிடைக்கும் மெத்தையையும் வெந்நீரையும் விட்டுக்கொடுங்கள் என்று கேட்க வேண்டியிருந்தது. விடுப்பில் யார் எங்கே தூங்க வேண்டும் என்பதை உத்தரவு போட்டுச் சாதிக்க முடியாது. அவர்மீது அவர்களுக்கு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அந்த நம்பிக்கை சும்மா வந்ததல்ல. அவர்களுடைய கூந்தலுக்கு ஏற்ற சாதனங்களுடன் அழகு நிலையம் அமைய ஏற்பாடு செய்தவரும், தூங்குகிறவர்களை அணிவகுப்புக்காக எழுப்ப மறுத்தவரும் அதே மேஜர்தானே! இதற்கு முன்பே, அயோவா முகாமில் கறுப்பினப் பெண்களுக்கென்று தனி ரெஜிமென்ட் ஒன்றை உருவாக்கி அதற்கு அவரைத் தளபதியாக்கும் திட்டம் வந்தபோது, அந்தப் பதவி தமக்கு வேண்டாம் என்று மறுத்தவர் அவர். தாம் விட்டுக்கொடுக்காத எதையும் மற்றவர்களிடம் அவர் கேட்கவில்லை.

1945 ஜூனில் பட்டாலியன் பிரான்சின் ரூவான் நகரத்துக்குச் சென்றது. அங்கேயும் தேங்கியிருந்த அஞ்சலைத் தீர்த்தார்கள். ஜூலை மாதம் நடந்த ஜீப் விபத்தில் அவர்களில் மூன்று பெண்கள் உயிரிழந்தார்கள். இறுதிச் சடங்குக்கு இராணுவத் துறை பணம் ஒதுக்காததால், தோழியர் தங்களுக்குள் பணம் திரட்டினார்கள். பிணத்தைப் பக்குவப்படுத்தும் தொழில் தெரிந்த பெண்கள் பட்டாலியனிலேயே இருந்ததால் அந்தக் கடமையையும் அவர்களே செய்தார்கள். நார்மண்டியில் உள்ள அமெரிக்கக் கல்லறையில் அந்த மூவரும் இன்றும் இருக்கிறார்கள்.

ஆடம்ஸ் லெப்டினன்ட் கர்னலாக உயர்ந்து 1946-இல் பணியிலிருந்து விலகினார். பட்டாலியன் கலைக்கப்பட்டபோது விழாவும் இல்லை, அணிவகுப்பும் இல்லை. இராணுவத்தில் இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஆணையில் குடியரசுத் தலைவர் ட்ரூமன் கையெழுத்திட்டது 1948-இல். நாடாளுமன்றத்தின் தங்கப் பதக்கம் அந்தப் பட்டாலியனுக்கு வழங்கப்படுவதற்கான சட்டம் வந்ததோ 2022-இல். அதற்குள் அவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டார்கள். ஆடம்ஸும் 2002-இலேயே காலமாகிவிட்டார். வர்ஜீனியாவில், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமைமுறைத் தரப்பின் தளபதியாக இருந்த ராபர்ட் லீயின் பெயரால் வழங்கிய இராணுவத் தளத்துக்கு 2023-இல் ஆர்தர் கிரெக், சாரிட்டி ஆடம்ஸ் என்ற இரு கறுப்பின அதிகாரிகளின் பெயர் சூட்டப்பட்டது. 2025-இல் அதை நீக்கி, மீண்டும் லீ என்ற பெயரையே வைத்தார்கள். இந்த லீ வேறொருவர், வீரப் பதக்கம் பெற்ற ஃபிட்ஸ் லீ என்னும் கறுப்பின வீரர் என்பது அரசு தரும் விளக்கம். அந்த வீரருக்கு உரிய மரியாதையை நான் குறைத்துப் பேசமாட்டேன். இருந்தாலும், இரண்டே ஆண்டில் ஆடம்ஸின் பெயரை எடுத்துவிட்டது எனக்கு ஆறாத வருத்தம்.

சமூகத் தொண்டைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். போருக்குப் பிறகு ஒஹாயோவில் முதுநிலைப் பட்டம் பெற்று, கல்லூரிகளில் மாணவர் நலப் பொறுப்பில் இருந்து, 1949-இல் திருமணம் செய்துகொண்டு, பின்னர் டேட்டன் நகரத்தில் குடியேறினார். அங்கே வீட்டுவசதி, கல்லூரி, இசைநாடகக் குழு என்று பல அமைப்புகளின் நிர்வாகக் குழுக்களில் பல்லாண்டு உழைத்தார். 1982-இல், கறுப்பினத்தவரை ஊர்ப் பொறுப்புகளுக்குத் தயார்படுத்தும் தலைமைப் பயிற்சித் திட்டம் ஒன்றை அங்கே தொடங்கினார். கூட்டத்தை எப்படி நடத்துவது, நிதிக் கணக்கை எப்படிப் படிப்பது, குழுவில் ஒரே கறுப்பினத்தவராக உட்கார நேர்ந்தால் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் அவர் தம் வாழ்நாள் முழுவதும் தாமாகவே கற்றுக்கொள்ள வேண்டியிருந்த பாடங்கள். அடுத்து வருபவர்கள் அப்படித் தனியாகத் தட்டுத்தடுமாறக் கூடாது என்பதற்காகவே அவர் அதைத் தொடங்கினார் என்று நான் நினைக்கிறேன். அவர் பணியாற்றிய நிர்வாகக் குழுக்களில் செஞ்சிலுவைச் சங்கத்தின் குழுவும் ஒன்று. லண்டனில் எந்த அமைப்பின் தனி விடுதிக்குள் தம் பெண்களை அனுப்ப மறுத்தாரோ, அதே அமைப்பின் மேசையில் முடிவெடுப்பவர்களில் ஒருவராக அவர் உட்கார்ந்தார்.