கப்பல் பீரங்கியை வயர்லெஸ்ஸில் அழைப்பவர்கள்: ஆங்லிகோ பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: ஆங்லிகோ என்றால் என்ன?

கடல்வழியே போய்க் கரையிறங்கிச் சண்டையிடும் அமெரிக்க மரைன் படையின் ஒரு தனிவகைக் கம்பெனி. 'வான், கடற்படைப் பீரங்கித் தொடர்புக் கம்பெனி' என்ற பெயரின் ஆங்கிலச் சுருக்கம் இது. அமெரிக்கத் தரைப்படையோ நேச நாட்டுப் படையோ சண்டையிடும்போது கூடவே இருந்து, அவர்களுக்காகப் போர் விமானத்தையும் கப்பல் பீரங்கியையும் வரவழைப்பது இவர்கள் வேலை.

கேள்வி: குண்டு போடச் சொல்ல ஒரு தனிக் கம்பெனி எதற்கு? யாராவது வயர்லெஸ்ஸில் சொன்னால் போதாதா?

போதாது என்பது இரண்டாம் உலகப் போரின்போது, பசிபிக் கடலில் ஜப்பானியர் வசமிருந்த தராவா தீவுக்கூட்டத்தில் தெரிந்தது. 1943 நவம்பர் 20 அன்று மரைன்கள் அங்குள்ள பேசியோ தீவில் இறங்கினார்கள். கரையேறியவர்களின் வயர்லெஸ் பெட்டிகள் பல கடல்நீரில் நனைந்து செத்துப்போயின. தலைமைக் கப்பலான மேரிலாண்டில் அதன் சொந்தப் பீரங்கிகளின் அதிர்வே தொடர்புக் கருவிகளைப் பழுதாக்கியது. கடலில் அத்தனை பீரங்கிகள் இருந்தும், எங்கே சுட வேண்டும் என்று கரையிலிருந்து சரியாகச் சொல்ல முடியவில்லை. 76 மணி நேரச் சண்டையில் சுமார் 1,000 மரைன்கள் இறந்தார்கள்.

கப்பல், விமானம், கரை மூன்றையும் இணைக்கும் கூட்டுத் தாக்குதல் சிக்னல் கம்பெனிகள் அந்தக் காலத்தில்தான் உருவாயின. சைபான், இவோ ஜிமா, ஒகினாவா என்று போர் முடியும்வரை அவை உழைத்தன. போருக்குப் பின் அவை கலைந்த இடத்தில், 1949-இல் ஆங்லிகோ வந்தது.

கேள்வி: இவர்களால் ஒரு சண்டையின் போக்கு மாறியதுண்டா?

எனக்கு உடனே நினைவுக்கு வருவது கேப்டன் எட்வர்ட் ஸ்டாம்ஃபோர்ட். 1950 நவம்பர் இறுதி, கொரியாவின் சோசின் நீர்த்தேக்கம், உறையவைக்கும் குளிர். கிழக்குக் கரையில் அமெரிக்கத் தரைப்படையின் ஒரு படையணியைச் சீனப் படைகள் சூழ்ந்துகொண்டன. ஸ்டாம்ஃபோர்ட் மரைன் விமானி. ஆங்லிகோவின் நான்கு பேர் அணியோடு தரைப்படைக்காரர்களுடன் இருந்தார். விமானத்தோடு பேச அங்கே மிஞ்சிய ஒரே அதிகாரி அவர்தான். கோர்சேர் விமானங்களை அவர் நாள்தோறும் வழிநடத்தியிராவிட்டால், அந்த வளையத்துக்குள் டிசம்பர் 1 வரை தாக்குப்பிடித்திருக்கவே முடியாது என்பது என் கருத்து. இடையில் ஒரு கம்பெனியின் தளபதி கொல்லப்பட்டபோது, அந்தப் பொறுப்பையும் கொஞ்ச நேரம் இவரே ஏற்றார். வளையத்தை உடைத்து வெளியேறும்போது சொந்த விமானத்தின் நேபாம் எனும் தீக்குண்டு ஒன்று படை வரிசையின் முன்பக்கத்திலேயே விழுந்தது. அணி சிதறியது. ஸ்டாம்ஃபோர்ட் பிடிபட்டு, தப்பித்து, மரைன்களிடம் வந்து சேர்ந்தார்.

கேள்வி: ஆங்லிகோவே தவறு செய்ததுண்டா?

உண்டு. 1983 அக்டோபர் 27, அமெரிக்கா படையெடுத்த கரீபியன் தீவான கிரெனடா. ஆங்லிகோ அணி ஒன்று அழைத்த ஏ-7 விமானங்கள், அமெரிக்கத் தரைப்படையின் 82-வது வான்குடைப் படையைச் சேர்ந்த ஒரு பிரிகேட் தலைமையகத்தையே எதிரி என்று நினைத்துச் சுட்டுவிட்டன. 17 பேர் காயம். ஒருவர் பின்னர் இறந்தார். அழைத்த அணிக்கும் அந்த பிரிகேட்டின் பீரங்கி ஒருங்கிணைப்பாளர்களுக்கும் நேரடிப் பேச்சே இல்லை. தராவாவுக்கு 40 வருஷம் கழித்தும் அதே ஓட்டை! இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது.

கேள்வி: நம் ஆட்களுக்கு எவ்வளவு அருகில் சுடச் சொல்லலாம்?

தரைப் பீரங்கிக்கு 600 மீட்டர், 5 அங்குலக் கப்பல் பீரங்கிக்கு 750 மீட்டர். இலக்கு அதைவிட நெருக்கமாக இருந்தால் 'ஆபத்தான நெருக்கம்' என்று அழைப்பிலேயே சொல்லியாக வேண்டும். தடை என்று அர்த்தமில்லை. முதல் குண்டை நம் ஆட்களைவிட்டுத் தூரமாகப் போட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக இலக்கை நோக்கி இழுத்து வருவார்கள்.

கேள்வி: வியட்நாமில் இருந்தார்களா? இன்றும் இருக்கிறார்களா?

வியட்நாமில் 1965 முதல் 1973 வரை, தென் வியட்நாம், தென் கொரியப் படைகளோடு இருந்தார்கள். 1990-களின் இறுதியில் முதல், இரண்டாம் கம்பெனிகளைக் கலைத்தார்கள். 2003-இல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இன்று முதல் கம்பெனி கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டனிலும், இரண்டாவது வட கரோலினாவின் கேம்ப் லெஜூனிலும், ஐந்தாவது ஒகினாவாவிலும் இருக்கின்றன. அடிமட்ட அணி இப்போதும் நான்கைந்து பேர்தான்.