17 வயதில் புரொஃபஷனல் ஆக என்ன அவசரம்?

பையனுக்கு 17 வயது. ஜூனியர் கோல்ஃப் போட்டியில் கோப்பை வாங்கிவிட்டான், பள்ளி முடிய இன்னும் ஓராண்டு இருக்கிறது. அதற்குள் வீட்டில் இரண்டு கட்சி. பெரியப்பா, "பேசாமல் இன்ஜினியரிங் சேர்த்துவிடு, விளையாட்டு ஞாயிற்றுக்கிழமைக்குப் போதும்" என்கிறார். மாமா, "இப்பவே புரொஃபஷனல் ஆகட்டும், டைகர் உட்ஸ் மாதிரி வருவான்" என்கிறார். நடுவில் தூக்கம் கெட்டுப்போனவர் அப்பா. "எது சார் பாதுகாப்பு?" என்று என்னிடம் கேட்டார்.

சார், ஆறுதல் சொல்லி அனுப்புவது எனக்கு எளிது. ஆனால் இரண்டு பேர் சொல்வதும் தப்பு. மாமா சொல்வது அதிகச் செலவு வைக்கும் தப்பு. இன்ஜினியரிங் பற்றி நான் பேசப்போவதில்லை, அதற்கு ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. மாமா சொன்ன உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். டைகர் உட்ஸ் 1991 முதல் 1993 வரை வரிசையாக மூன்று முறை அமெரிக்க ஜூனியர் அமெச்சூர் பட்டம், அதாவது பணத்துக்கு ஆடாத இளையோருக்கான பட்டம், வென்றவர். அப்படியும் உடனே புரொஃபஷனல் ஆகவில்லை. ஸ்டான்ஃபோர்டில் சேர்ந்து இரண்டு வருடம் கல்லூரி அணிக்கு ஆடினார். பெரியவர்களும் ஆடும் அமெரிக்க அமெச்சூர் போட்டியில் 1996-ல் மூன்றாவது பட்டத்தையும் எடுத்த பிறகுதான் புரொஃபஷனலாக மாறினார்.

ஸ்காட்டி ஷெஃப்லர் 2013-ல் ஜூனியர் அமெச்சூர் சாம்பியன். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்து 2018-ல் நிதித்துறைப் பட்டம் வாங்கினார். டூர் என்றால் புரொஃபஷனல்கள் பரிசுப்பணத்துக்கு ஆடும் போட்டித் தொடர். 2019-ல் இரண்டாம் நிலை டூரான கோர்ன் ஃபெர்ரியில் இரண்டு வெற்றி. அமெரிக்காவின் முதல்நிலை டூரான பிஜிஏ டூரில் முதல் வெற்றி 2022 பிப்ரவரியில், ஃபீனிக்ஸ் ஓப்பனில். ஜூனியர் கோப்பைக்கும் டூர் வெற்றிக்கும் நடுவே எட்டரை வருடம். அடுத்த மாதமே உலக முதலிடத்துக்கு வந்தவருக்கே இந்தக் கணக்கு.

அக்‌ஷய் பாட்டியா 17 வயதில் கல்லூரிப் பக்கமே போகாமல் புரொஃபஷனல் ஆகி 2023-ல் ஜெயிக்கவில்லையா என்று மாமா கேட்பார். ஜெயித்தார். ஆனால் பிஜிஏ டூரில் ஆரம்பத்தில் அவரும் வரிசையாகக் கட் தவறினார், அதாவது போட்டியின் பாதியிலேயே வெளியேறினார். வழக்கமான டூர் போட்டியில் இரண்டு சுற்று முடிந்ததும் முதல் 65 இடமும் அதற்குச் சமமான ஸ்கோரும் எடுத்தவர்கள் மட்டும் தொடர்வார்கள். மற்றவர்களுக்குப் பரிசுப்பணம் கிடையாது. விமானம், அறை, பை தூக்கிக் கூட வரும் கேடிக்குச் சம்பளம் எல்லாம் கைக்காசு. இதற்காக வீட்டை அடமானம் வைக்காதீர்கள். தங்கையின் படிப்புக்குச் சேர்த்த பணத்தைத் தொடவே தொடாதீர்கள். என்றைக்காவது அவன் டூருக்குப் போனால், முதல் போட்டிக்கு முன்பே எவ்வளவு தொகை, எத்தனை வருடம் என்று எழுதி வையுங்கள்.

சரி, உங்கள் வீட்டில் யாருமே பேசாத வழிக்கு வருகிறேன்: அமெரிக்கக் கல்லூரி கோல்ஃப். ஒரு போட்டிக்கு அணியிலிருந்து ஐந்து பேர் போவார்கள். ஒவ்வொரு சுற்றிலும் சிறந்த நான்கு ஸ்கோர் கணக்கில் வரும். எட்டு, ஒன்பது பேர் இருக்கும் அணியில் அந்த ஐந்து இடத்துக்கே உள்ளுக்குள் போட்டி நடக்கும். சொந்தக் காசைக் கரைக்காமல் தோற்றுப் பழக இதைவிட நல்ல இடம் இல்லை. கல்லூரி ஆட்டக்காரர்களுக்காக 2020-ல் தொடங்கிய பிஜிஏ டூர் யுனிவர்சிட்டி தரவரிசையில் முதலிடம் பிடிப்பவருக்கு இப்போது நேரடியாக டூர் கார்டே, அதாவது பிஜிஏ டூரில் ஆடும் உரிமையே, கிடைக்கிறது. 2023-ல் டெக்ஸஸ் டெக் மாணவர் லுட்விக் ஓபெரி அப்படி வந்த முதல் ஆள். அந்த வருடம் செப்டம்பரில் ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் ரைடர் கோப்பை ஆடினார், நவம்பரில் பிஜிஏ டூர் போட்டியான ஆர்எஸ்எம் கிளாசிக் வென்றார்.

உதவித்தொகை என்றதும் முழுச் செலவும் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் பல பேருக்குப் பிரித்துத்தான் தருவார்கள். எழுத்தில் வராத தொகையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் மேல்மட்டமான முதல் பிரிவுக்குத் தகுதி பெற, பள்ளியில் 16 அடிப்படைப் பாடங்களும் குறைந்தபட்ச சராசரியும் வேண்டும். கடைசி வருட மதிப்பெண்ணைக் கோட்டை விட்டால் இந்தக் கதவு மூடிவிடும். அமெச்சூர் தகுதியையும் காப்பாற்ற வேண்டும். யார் பணம் நீட்டினாலும் விதியைப் பார்க்காமல் வாங்கக் கூடாது. நிக் டன்லப் 2024 ஜனவரியில் கல்லூரி மாணவராகவே பிஜிஏ டூர் போட்டி ஒன்றை வென்றார். அமெச்சூர் என்பதால் முதல் பரிசான 15 லட்சம் டாலரைத் தொட முடியவில்லை. அது இரண்டாம் இடத்தவருக்குப் போயிற்று.

இனி பையனைப் பற்றி. நான் அவனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நீங்கள்தான் பதில் சொன்னீர்கள். அவன் ஒரு சுற்றை 78 ஷாட்டில் முடித்த நாளின் ஸ்கோர் கார்டை நான் வாங்கிப் பார்த்தேன் (கோல்ஃபில் ஷாட் குறைந்தால்தான் நல்லது). பந்தைக் குழியை நோக்கி உருட்டிவிடும் ஷாட்டான புட் மூன்று எடுத்த குழிகளைச் சிவப்பில் வட்டமிட்டு, ஒவ்வொரு புட்டும் எத்தனை அடி தூரம் என்று ஓரத்தில் பொடி எழுத்தில் குறித்திருக்கிறான். யாரும் செய்யச் சொல்லவில்லையாம். என்ன படிக்க ஆசை என்றபோது தயங்காமல் புள்ளியியல் என்றான். அதைப் பெரியப்பாவுக்காகவோ மாமாவுக்காகவோ மாற்ற வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதல் பிரிவுக் கல்லூரிப் பயிற்சியாளர்கள் பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15 முதல் பதில் எழுதலாம் என்பது விதி. அந்தத் தேதி இவனுக்கு எப்போதோ தாண்டிவிட்டது, ஆகவே இந்த வாரமே தொடங்கலாம். மின்னஞ்சலை அவனே எழுதட்டும். அப்பா எழுதியது என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிடும். போட்டி ஸ்கோர்கள், ஆடிய மைதானத்தின் நீளம், முன்னிருந்தும் பின்னிருந்தும் எடுத்த ஸ்விங் வீடியோ போதும், கோப்பைப் படம் வேண்டாம். அவன் சராசரி 73 என்றால், அணியின் ஐந்தாவது ஆட்டக்காரர் 73, 74 அடிக்கும் கல்லூரிகளை முதலில் தேடட்டும். இரண்டாம் பிரிவுக் கல்லூரிகளும் பட்டியலில் இருக்கட்டும். பெரிய பெயர் அணியில் நான்கு வருடம் பெஞ்சில் உட்காருவதைவிட அங்கே வாராவாரம் ஆடுவது மேல்.