பெக்கர்ஸ் நைட்: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. நாங்கள் ஒஹாயோவில் கொலம்பஸ் பக்கத்தில் இருக்கிறோம். வந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு மட்டும்தான் வேலை, எனக்கு ஹெச்-4 விசா, வேலை அனுமதி இல்லை. இந்த வருடம் வாடகை ஏறிவிட்டது, ஊரில் மாமனாருக்கு ஆபரேஷன் நடந்ததால் மாதாமாதம் பணம் அனுப்புகிறோம். தீபாவளிக்கே கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அதற்குள் அக்டோபர் 31 ஹாலோவீன், பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்குகிற நாள். மகளுக்கு 8 வயது, பையனுக்கு 4. அவள் கேட்கிற இளவரசி உடை மட்டும் 45 டாலர். இவரோ வேண்டவே வேண்டாம் என்கிறார். வீடு வீடாகப் பையை நீட்டிக்கொண்டு போவது பிச்சை எடுப்பதுதானே என்று கேட்கிறார். போதாததற்கு எங்கள் ஊர் அறிவிப்பிலேயே "பெக்கர்ஸ் நைட், மாலை 6 முதல் 8 வரை" என்று போட்டிருக்கிறார்கள். "பார், அவங்களே பிச்சைக்காரங்க ராத்திரின்னுதான் சொல்றாங்க" என்று அதைக் காட்டுகிறார். மகள் தினமும் அழுகிறாள். மிஞ்சிப்போனால் 40 டாலர் ஒதுக்கலாம். அதற்குள் முடியுமா? இல்லை, அன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் பேசாமல் உள்ளே இருந்துவிடலாமா?

(பெயர் வேண்டாம், அக்கா.)

*

அன்புள்ள தங்கைக்கு,

முடியும். விளக்கை மட்டும் அணைக்காதீர்கள்.

காசு விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். முதலில் உங்கள் வீட்டுக்காரர் சொன்னது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கை இறுகியிருக்கிற நேரத்தில், அதுவும் அப்பாவின் மருத்துவச் செலவைத் தூரத்திலிருந்து சுமக்கிற நேரத்தில், தன் பிள்ளை பையை ஏந்திக்கொண்டு அடுத்தவர் வாசலில் நிற்பதைப் பார்க்க ஒரு தகப்பனுக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. 2009-ல் நாங்கள் அயோவாவில், டெமொயின் நகரத்தில் இருந்தோம். ஊரெல்லாம் வேலை போய்க்கொண்டிருந்த சமயம், இவருக்குச் சம்பளத்தைக் குறைத்திருந்தார்கள், கடையில் ஒரு பாக்கெட் முந்திரியை எடுத்துவிட்டுத் திருப்பி வைத்த நாட்கள் அவை. டெமொயினிலும் அதற்குப் பெக்கர்ஸ் நைட் என்றுதான் பெயர், அப்போது அக்டோபர் 30 மாலை 6 முதல் 8 வரை வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் உங்களவர் சொன்ன அதே வார்த்தையை இவரும் சொன்னார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. மிட்டாய் சும்மா கிடைக்காது. வாசலில் நின்று குழந்தை ஒரு ஜோக் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒரு பாட்டோ ஒரு சின்ன வித்தையோ. 1938-ல் வந்த ஏற்பாடு இது. அந்தக் காலத்தில் ஹாலோவீன் இரவில் பையன்கள் கும்பலாகக் கிளம்பி ஊரில் ஏகப்பட்ட சேதம் பண்ணிக்கொண்டிருந்ததால், முந்தின நாளே சின்னப் பிள்ளைகள் வீடு வீடாகப் போகட்டும், எதையாவது செய்துகாட்டி மிட்டாய் வாங்கிக்கொள்ளட்டும் என்று ஊரே சேர்ந்து வைத்துக்கொண்டது. இன்றைக்கும் அங்கே கதவைத் திறக்கிறவர் "சரி, உன் ஜோக் என்ன?" என்று கேட்டுவிட்டு நிற்பார்.

எங்கள் பையனுக்கு அப்போது 6 வயது, இங்கிலீஷ் ஜோக் ஒன்றும் தெரியாது. நான் எங்கள் பாட்டி சொன்ன விடுகதையை இங்கிலீஷில் சொல்லிக்கொடுத்தேன். அடிக்கவும் மாட்டாள், திட்டவும் மாட்டாள், ஆனால் கண்ணீர் வரவைப்பாள், அவள் யார்? மூன்றாவது வீட்டில் ஒரு வயதான அம்மாள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு யோசித்தார், யோசித்துக்கொண்டே இருந்தார், கடைசியில் பையன் பொறுக்கமாட்டாமல் "வெங்காயம்!" என்று கத்தியதும் உள்ளே திரும்பி வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "இதை இன்னொரு தடவை சொல்லு கண்ணு" என்று கேட்டார். அந்தத் தெருவில் இரண்டு வருடம் குடியிருந்தும் அந்த அம்மாளின் முகத்தை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தேன். வருடத்தில் மற்ற 364 நாளும் மூடியே இருக்கிற கதவுகள் அவை, உங்கள் தெருவிலும் அப்படித்தான் இருக்கும்.

இதைப் பிச்சை என்று எடுத்துக்கொள்ள எனக்கு முடியாமல் போனதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நவம்பர் 1 கிறிஸ்தவர்களுக்கு அனைத்துப் புனிதர் திருநாள், 2-ம் தேதி கல்லறைத் திருநாள், இறந்தவர்களை நினைக்கிற நாள். நம் ஊரிலும் அன்றைக்குக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். இடைக்காலத்து இங்கிலாந்திலும் அயர்லாந்திலும் அந்த நாட்களில் ஏழைகள் வீடு வீடாகப் போய், அந்த வீட்டில் செத்துப்போனவர்களுக்காக வேண்டிக்கொள்வார்கள். வீட்டுக்காரர்கள் அதற்குச் சின்ன ரொட்டி கொடுப்பார்கள், அதற்கு ஆன்மா ரொட்டி என்றே பெயர். வாங்குகிறவர் ஒரு பிரார்த்தனையைக் கொடுத்தார், கொடுக்கிறவர் ரொட்டியைக் கொடுத்தார். அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்த ஏழைச் சனங்கள்தான் ஹாலோவீனை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கு வைத்தவர்கள் இங்கே பூசணி கிடைத்ததும் அதைக் குடைந்தார்கள். கையில் காசில்லாதவர்கள் கொண்டாடி வளர்த்த நாள் இது. 45 டாலர் உடையெல்லாம் ரொம்பப் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

உங்களவரிடம் இதையெல்லாம் சொல்லி வாதம் பண்ண வேண்டாம். நான் செய்ததைச் செய்யுங்கள். குழந்தைகளை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கள், அவரை வீட்டு வாசலில் உட்கார வையுங்கள். கொடுக்கிற வேலை அவருடையது. எங்கள் வீட்டில் இவர் முதல் அரைமணி நேரம் எழுந்து எழுந்து கதவைத் திறந்துகொண்டிருந்தாராம். அப்புறம் ஒரு நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டுக்கொண்டு கோட்டும் குல்லாயுமாக உட்கார்ந்துவிட்டார். நாங்கள் திரும்பி வரும்போது ஒரு குட்டிப் பெண்ணிடம் ஜோக் கேட்டுக்கொண்டிருந்தார். தன் பிள்ளை நாலு வாசலில் வாங்கியதை, நம் வாசலில் நாற்பது பிள்ளைக்குக் கொடுக்கிறோம் என்று கண்ணால் பார்த்த பிறகு அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் எழவில்லை. விளக்கை அணைக்காதீர்கள் என்று நான் சொல்வதும் அதனால்தான். வாசல் விளக்கு எரிந்தால் வரலாம், அணைந்திருந்தால் இங்கே இல்லை என்பதுதான் எல்லாத் தெருவிலும் கணக்கு.

சரி, இப்போது அந்த 40 டாலர்.

மிட்டாயில்தான் பலருக்குக் கை நழுவும். 2024-ல் கோகோ விலை டன் 10,000 டாலரைத் தாண்டியது, அதையொட்டி சாக்லேட் பைகள் கனம் குறைந்து விலை கூடிவிட்டன. பெரிய பை இருபது டாலருக்கு மேல். சாக்லேட்டை விட்டுவிடுங்கள். டம் டம்ஸ் என்று குச்சிமிட்டாய் இருக்கிறதே, உங்கள் ஒஹாயோவிலேயே பிரையன் என்ற சின்ன ஊரில் இருக்கிற கம்பெனியுடையது, ஒரே பையில் இருநூறு முந்நூறு வரும். ஒரு குழந்தைக்கு இரண்டு கொடுத்தாலும் தீராது. நிலக்கடலை கலக்காததால் நிலக்கடலை ஒவ்வாமை இருக்கிற பிள்ளைகளுக்கும் தயங்காமல் கொடுக்கலாம். இதற்கு 15 டாலர் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் அபார்ட்மென்ட்டா தனி வீடா என்று எழுதவில்லை. அபார்ட்மென்ட் என்றால் பல இடங்களில் யாருமே வரமாட்டார்கள், அப்படியானால் தனி வீட்டில் இருக்கிற ஒரு சிநேகிதியிடம் சொல்லி, உங்கள் மிட்டாயை அங்கே கொண்டுபோய் அவர்கள் வாசலில் உங்களவரும் சேர்ந்து உட்காரட்டும்.

உடை. மகளிடம் மறைக்காதீர்கள். 8 வயது என்றால் கணக்குப் புரிகிற வயது. "உனக்கு 12 டாலர், இதோ" என்று கையிலேயே கொடுத்து, பழைய துணிமணி விற்கிற குட்வில் கடைக்குக் கூட்டிப்போங்கள், இந்த மாதம் முழுக்க அங்கே ஒரு வரிசை நிறைய ஹாலோவீன் உடை தொங்கும். "நம்மால் முடியாது" என்று கேட்டு அழுகிற குழந்தை, கையில் காசோடு தானே தேடும்போது வேறு ஆளாகிவிடுவாள். நான் பார்த்திருக்கிறேன். அதற்கு முன்னால், அக்கம்பக்கத்தார் தங்களுக்கு வேண்டாததைச் சும்மா கொடுத்து வாங்கிக்கொள்கிற உங்கள் பகுதியின் பை நத்திங் குழுவில் ஒரு வரி எழுதிப் போடுங்கள். போன வருட உடை சின்னதாகிப்போய் அலமாரியில் இடம் அடைத்துக்கொண்டிருக்கிற வீடுகள் நிறைய, யாராவது கூப்பிட்டுக் கொடுப்பார்கள். எது எடுத்தாலும் ஒரு அளவு பெரிதாக எடுங்கள். அக்டோபர் கடைசியில் அந்தக் குளிரில் உள்ளே ஸ்வெட்டர் போட இடம் வேண்டும், இல்லாவிட்டால் அழகான உடைக்கு மேலே கோட்டைப் போட்டு மூடிவிட்டு நாள் முழுக்க அழுகைதான்.

ஒன்று மட்டும். தீபாவளிக்கு எடுத்த பட்டுப் பாவாடையையே போட்டு "இந்திய இளவரசி" என்று அனுப்பிவிடலாம், செலவே இல்லை என்று நாலு பேர் யோசனை சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். அது அவளுடைய உடை. வேஷம் இல்லை. அவள் வகுப்புப் பிள்ளைகள் அதை முதன்முதலாக வேஷமாகப் பார்த்துவிட்டால், அடுத்த தடவை அவள் அதைக் கட்டிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும்போது யாராவது எதிரே வந்தால் கூசிப்போவாள். இதை நான் ஒரு குழந்தையிடம் கண்கூடாகப் பார்த்ததால் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பையனுக்கு ஒரு காசு செலவில்லை. வீட்டில் பழைய பருத்தி வேட்டி ஒன்று இருக்குமில்லையா? எகிப்து மம்மி. வேட்டியைக் கொதிக்கிற டீத்தண்ணீரில் ஊறவைத்துக் காயப்போட்டால் பழுப்பேறிவிடும். இரண்டு விரல் அகலத்துக்குப் பட்டை பட்டையாகக் கிழித்து, பழைய முழுக்கைச் சட்டையிலும் பேன்ட்டிலும் ஊசிநூலால் தைத்துவிடுங்கள். பையன் மேலேயே சுற்றாதீர்கள், 4 வயதுப் பிள்ளைக்குப் பாதித் தெருவில் பாத்ரூம் வரும், மேலும் கீழும் தனித்தனியாக இருந்தால்தான் கழற்ற முடியும். நுனிகள் தொங்கக் கூடாது, சில வாசல்களில் பூசணிக்குள் நிஜ மெழுகுவர்த்தி எரியும், பருத்தித் துணி சட்டென்று பிடித்துக்கொள்ளும். அவன் கையை விடாதீர்கள்.

பூசணிக்கு 4 டாலர் போதும். குடைவதற்கென்று விற்கிற பெரியதை வாங்காதீர்கள், அது உள்ளே நாரும் தண்ணீருமாக இருக்கும், குழம்புக்கு ருசிக்காது, குடைந்து வைத்தால் நாலைந்து நாளில் பூசணம் பிடித்துத் தூக்கிப்போட வேண்டியதுதான். பை பம்ப்கின் என்று சமையலுக்கென்றே சின்னதாக ஒன்று இருக்கும், அதை வாங்கிக் குடையாமல் மகளை விட்டு மார்க்கரால் கண்ணும் மூக்கும் பல்லும் வரையச் சொல்லுங்கள். நவம்பர் 1 அன்று தோலைத் தடிமனாகச் சீவிவிட்டுப் புளிக்குழம்பு வைத்துவிடலாம், விதையை உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு வறுத்தால் பிள்ளைகள் விடமாட்டார்கள். எங்கள் அம்மா ஸ்கைப்பில் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு "திருஷ்டிப் பூசணி கட்டியிருக்கியா, நல்லது" என்றார். நான் மறுத்துச் சொல்லவில்லை.

இதுவரை 31 டாலர்தான். மீதி 9 டாலரைத் தொடாதீர்கள், பள்ளியில் வகுப்புப் பார்ட்டிக்கு என்று ஒரு பட்டியல் வரும். வந்த நிமிடமே பார்த்து நாப்கினோ காகிதத் தட்டோ உங்கள் பெயரில் எழுதிவிடுங்கள், தாமதித்தால் முப்பது பேருக்குக் கப்கேக்தான் மிஞ்சியிருக்கும்.

செலவில்லாமல் இன்னொன்று. கொலம்பஸிலிருந்து தெற்கே 25 மைலில் சர்க்கிள்வில். 1903-லிருந்து அங்கே பூசணித் திருவிழா நடக்கிறது, அக்டோபர் மூன்றாவது புதன்கிழமை தொடங்கிச் சனி வரை, உள்ளே போகக் கட்டணம் கிடையாது. ஆயிரம் பவுண்டுக்கு மேல் எடையுள்ள பூசணியை எல்லாம் கொண்டுவந்து வைத்திருப்பார்கள், உங்கள் பையன் அதன் பின்னால் நின்றால் தலைதான் தெரியும். தின்பண்டக் கடைகள் மட்டும் பர்ஸைக் காலி செய்யும், புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். உங்களவரையும் கூட்டிப்போங்கள், அவருக்கும் ஒரு நாள் மாறுதல் வேண்டும்.

கொலம்பஸில் ஜோக் கேட்கிற வழக்கம் இல்லை என்றாலும் மகளுக்கு ஒரு விடுகதை சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள். நாள், நேரம் இரண்டையும் உங்கள் ஊர் அறிவிப்பில் இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள், சுற்றுவட்டாரத்தில் ஊருக்கு ஊர் மாற்றி வைப்பதுண்டு. வேட்டியை இந்த வார இறுதியிலேயே டீத்தண்ணீரில் போட்டுவிடுங்கள். அந்தக் குளிரில் அது காய இரண்டு நாள் பிடிக்கும்.

அன்புடன்,
அக்கா