தாழ்ப்பாள் ஏன் முறைக்கிறது?

அன்புள்ள சார்,

பிளக் பாயிண்ட், காரின் முன்பக்கம், கதவுத் தாழ்ப்பாள் என்று எதைப் பார்த்தாலும் எனக்கு முகம் தெரிகிறது. சிலது முறைக்கிறது, சிலது பாவமாக இருக்கிறது. என் கணவர் கிண்டல் செய்கிறார். இது ஏதாவது கோளாறா?

எம்.

அன்புள்ள எம்.,

கோளாறெல்லாம் இல்லை. பரைடோலியா என்று இதற்குப் பெயரே உண்டு, ஏறக்குறைய எல்லோருக்கும் இருப்பதுதான். ரீசஸ் குரங்குகள்கூட இப்படிப்பட்ட பொருள்களின் படங்களில் கண், வாய் போலத் தெரியும் இடங்களையே உற்றுப் பார்க்கின்றன என்று 2017இல் ஓர் ஆய்வு வந்தது.

எனக்குப் பெரிய ஆச்சரியம், அது பிளக் பாயிண்ட் என்று நன்றாகத் தெரிந்த பிறகும் முகம் போக மறுக்கிறதே, அதுதான். மூளையின் செயல்பாட்டை அளந்து பார்த்த 2020 ஆய்வு ஒன்றின்படி, இந்த மாதிரிப் பொருள்களை மூளை எடுத்த எடுப்பில் நிஜ முகங்களுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது, அப்புறம் கால் நொடி போல ஆனதும் பொருள்கள் பக்கம் தள்ளிவிடுகிறது. இவ்வளவு அவசரம் எதற்கு என்றால், எதிரில் இருக்கும் ஒரு முகத்தைக் கவனிக்காமல் விடுவதைவிட இல்லாத முகத்தைப் பார்த்துவிடுவதில் நஷ்டம் குறைவு.

உங்கள் தாழ்ப்பாளைக் கிட்டே போய்ப் பாருங்கள். மேலே இரண்டு திருகுகள் இருக்கின்றனவா? அவற்றின் தலையிலுள்ள கோடுகள் நடுப்பக்கம் தாழ்ந்து சரிந்திருந்தால் கோபம், நடுப்பக்கம் உயர்ந்திருந்தால் அழுமூஞ்சி. ஸ்க்ரூடிரைவரால் இரண்டையும் கால் சுற்று திருப்பினால் போதும், கோபக்காரர் அழ ஆரம்பித்துவிடுவார். அதையே படம் எடுத்துத் தலைகீழாகப் பிடித்தால் முகம் பெரும்பாலும் காணாமல் போகும், ஏனென்றால் கண்கள் மேலே, வாய் கீழே என்ற அந்த அடுக்கைத்தான் மூளை தேடுகிறது. உணர்ச்சியும் வெறும் கற்பனை இல்லை: சிரிக்கும் முகம் ஒன்றைப் பார்த்த கையோடு அடுத்ததைப் பார்த்தால் அதுவும் கொஞ்சம் சந்தோஷமாகத் தெரியும், முதலில் பார்த்தது மனித முகமாக இருந்தாலும் சரி, பொருளாக இருந்தாலும் சரி, என்று 2021இல் காட்டியிருக்கிறார்கள்.

முகம் தெரிந்தால் ரசிக்க வேண்டியதுதான், ஆனால் அதற்கு அர்த்தம் கற்பிக்கும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. 1976 ஜூலையில் வைக்கிங் 1 விண்கலம் செவ்வாயில் எடுத்த படத்தில் ஒரு குன்று, சாய்ந்த வெயிலின் நிழலால் முகம் போலத் தெரிந்தது. அதை வைத்து ஒரு நாகரிகத்தையே கட்டிவிட்டார்கள். 2001இல் தெளிவான படம் வந்தபோது அது வெறும் குன்றாக நின்றது, அப்போதும் சிலர் விடவில்லை!

கடைசியாக, நீங்கள் பார்க்கும் முகங்கள் ஆணா, பெண்ணா? 2022இல் வெளியான ஆய்வில் இத்தகைய முகங்களைப் பெரும்பாலோர் ஆண் என்றே சொன்னார்கள், பெண்களும் அப்படித்தான் சொன்னார்கள். வெறும் கண்ணும் வாயும் இருந்தாலே ஆண் என்று தோன்றிவிடுகிறது; பெண் என்று தோன்றத்தான் கூடுதலாக ஏதாவது வேண்டியிருக்கிறது. எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரிகிறது, உங்கள் கணவருக்கு எப்படி என்று கேட்டு எழுதுங்கள்.