அல்கொன்குயினுக்குப் போகிற தம்பிக்கு

"வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நாங்கள் நாலு பெடியள், ஒக்டோபர் தாங்ஸ்கிவிங் லீவுக்கு அல்கொன்குயின் பார்க்கில் கனூ (துடுப்பு வள்ளம்) எடுத்து இரண்டு இரவு உள்ளே தங்கப் போகிறோம். அங்கே சிக்னல் இல்லையாம். என்னிடம் ஐபோன் 14 இருக்கிறது. அது போதுமா, சற்றலைற் போன் வாங்கவேண்டுமா?" என்று கேட்டிருந்தீர்கள்.

சற்றலைற் போன் வேண்டாம் தம்பி, காசைக் கரியாக்காதீர்கள். என் வயதுக்காரருக்குச் செய்மதித் தொலைபேசி என்றால் வன்னியில் யாரோ ஒருவரிடம் இருந்த, தடித்த அன்ரனா வைத்த சாமான்தான் ஞாபகம் வரும். இப்போது அந்த வேலையில் ஒரு பங்கை உங்கள் சட்டைப்பையில் இருக்கிற போனே செய்கிறது. சிக்னல் இல்லாத இடத்திலிருந்து செய்மதி வழியாக உதவி கேட்கிற அந்த வசதி 2022 நவம்பரில் அமெரிக்காவிலும் கனடாவிலும்தான் முதலில் வந்தது. ஐபோன் 14 முதல் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஊரில் வாங்கின போனும் இங்கே வேலை செய்யும். ஆனால் சீனாவில் விற்ற போனில் இது கிடையாது. கொழும்பில் கடைக்காரர் எங்கேயிருந்து இறக்கினார் என்று யாருக்குத் தெரியும், அதனால் முதலில் செற்றிங்ஸில் எமேர்ஜென்சி எஸ்ஓஎஸ் பகுதிக்குப் போய் 'ட்ரை டெமோ' இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நாலு பேரும் ஒரு பார்க்கில் நின்று செய்து பழகுங்கள். யாருக்கும் அழைப்புப் போகாது, பயப்படாதீர்கள்.

ஏன் பழகச் சொல்கிறேன் என்றால், 2023 இல் இதே தாங்ஸ்கிவிங்குக்கு நாங்களும் போனோம். ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்குக் கனூவைத் தோளில் சுமந்து நடக்கிற பாதையில், ஈர வேரில் சறுக்கி என் மச்சான் விழுந்தார். கணுக்கால் பிரண்டு, பார்த்துக்கொண்டிருக்கவே பலாக்காய் மாதிரி வீங்கிவிட்டது. 911 அடித்தேன், லைன் இல்லை. செய்மதி வழியாக அனுப்பவா என்று போனே கேட்டது. என்ன நடந்தது, எத்தனை பேர், காயமா என்று கேள்வி கேள்வியாக வரும், தொட்டுத் தொட்டுப் பதில் சொன்னால் போதும். இடம் எது என்று நாங்கள் எழுதத் தேவையில்லை, அதை அது தானாகவே அனுப்பிவிடும். ஆனால் செய்தி போகவேயில்லை. தலைக்கு மேல் அடர்ந்த பைன் மரங்கள். அந்தச் செய்மதிகள் ஓரிடத்தில் நிற்பவையில்லை, ஓடிக்கொண்டே இருப்பவை. வெட்டவெளியில் கால் நிமிடத்தில் போகிற செய்தி, மரத்துக்குக் கீழே ஒரு நிமிடத்துக்கு மேல் இழுக்கும், அடர்ந்த காடென்றால் போகவே போகாது. ஏரிக்கரைக்கு இறங்கி வந்தபிறகுதான், இடப்பக்கம் திரும்பு, அப்படியே பிடி என்று திரை சொன்னபடி நின்று அனுப்ப முடிந்தது.

பிறகு அவசர உதவிப் பக்கத்திலிருந்து ஒரு ஆள் எழுதிக் கேட்பார். இங்கிலீசு சரியோ பிழையோ என்று யோசிக்காதீர்கள். "லெக் புரோக்கன், கான்ட் வோக்" போதும்.

பதில் வந்தவுடன் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று நினைத்தோம். வந்து சேர ஐந்து மணித்தியாலம். அவர்களும் எங்களைப்போலக் கனூ வலித்துத்தானே வரவேண்டும்! அதற்குள் இருட்டிவிட்டது. உறக்கப்பையும் தடித்த ஜாக்கெட்டும் முதல் நடையிலேயே அடுத்த கரைக்குப் போய்விட்டன. ஒருவர் ஓடிப்போய் எடுத்துவரும் வரைக்கும் மச்சானுக்குப் பல்லுக் கிட்டிக்கொண்டு நடுங்கியது. காலையிலிருந்து இலை நிறம் மாறியதைப் படம் எடுத்துத் தள்ளியதில் என் போன் பற்றரி 19 வீதத்துக்கு இறங்கியிருந்தது. குளிரில் பற்றரி இன்னும் கெதியாக விழும். பவர்பாங்க் ஒன்றை உடம்போடு ஒட்டிய பையில் வையுங்கள். படத்துக்கு வேறு ஒருவரின் போனைப் பாவியுங்கள்.

காசைப் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பயத்தில் பிந்துகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்ராறியோவில் தேடி மீட்பதற்குப் பில் வராது. ஆம்புலன்சுக்கு ஓஹிப் (ஒன்ராறியோ அரசாங்க மருத்துவக் காப்புறுதி) உள்ளவருக்கு 45 டொலர், இல்லாதவருக்கு 240. உங்கள் மாணவர் காப்புறுதி அதைக் கொடுக்குமா என்று போகமுன் பார்த்துவையுங்கள்.

இனி முக்கியமான விசயம். அவசரத் தொடர்பாளர் என்று நான் போட்டிருந்தது யாழ்ப்பாணத்தில் இருக்கிற அம்மாவின் நம்பர். நாங்கள்தான் ஐபோன் வாங்கி அனுப்பியிருந்தோம். தொடர்பாளருக்கும் அறிவிக்கவா என்று போன் கேட்டபோது பதட்டத்தில் ஓம் என்று அழுத்திவிட்டேன். இங்கே மாலை ஐந்தரை, அங்கே விடிய மூன்று மணி. மனுசி எழும்பிப் பார்த்தால் ஒரு காட்டு வரைபடமும் இங்கிலீசில் நாலு வரியும். யாருக்கு அடிப்பா? 911 என்று அங்கே அடித்தால் ஒன்ராறியோவுக்கா போகும்? விடியும்வரை சாமியறையில் இருந்து அழுதிருக்கிறா. நீங்களும் அப்பா, அம்மாவைத்தான் போட்டிருப்பீர்கள். ரொறன்ரோவில் இருக்கிற ஒருவரை முதலில் சேருங்கள்.

அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிக்கொள்ளலாம் என்றும் நினைக்காதீர்கள். ஐபோனின் செய்மதி வழியில் வாட்ஸ்அப் ஓடாது, படமும் போகாது. ஐஓஎஸ் 18 போட்டிருந்தால் சாதாரணக் குறுஞ்செய்தி போகும். ரொஜர்ஸ்காரரும் 2025 ஜூலையில் செய்மதிக் குறுஞ்செய்தியைத் தொடங்கியிருக்கிறார்கள். உங்கள் பிளானில் அது இருக்கிறதா என்று கேட்டுப்பாருங்கள்.

ஐபோன் இல்லாத பெடியள் தனியப் போவதென்றால், அல்லது வடக்கே டெமகாமி காட்டுப் பக்கம் ஒரு கிழமைக்கு இறங்குவதென்றால், கார்மின் இன்ரீச் என்கிற, செய்மதி வழியாகச் செய்தி அனுப்புகிற சின்னக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுக்கலாம். அது இரிடியம் செய்மதிகளில் ஓடுகிறது, துருவம் வரைக்கும் எடுக்கும், சந்தா கட்டவேண்டும். சந்தாவே இல்லாதது பிஎல்பி என்கிற 406 மெகாஹேர்ட்ஸ் பீக்கன். இழுத்துவிட்டால் ஒரு நாள் முழுக்க "இங்கே இருக்கிறேன்" என்று கத்தும், ஆனால் பதில் கேட்காது. பீக்கன் கத்துவதைச் செய்மதி கேட்டு ஆளைத் தேடுகிற முறையில் முதன்முதலாக 1982 செப்டெம்பரில் மூன்று பேரைக் காப்பாற்றியதும் கனடாவில்தான், பிரிட்டிஷ் கொலம்பியாவில் விழுந்த ஒரு சின்ன விமானத்திலிருந்து. வாங்கினால் பதிவுசெய்ய மறக்கவேண்டாம்.

ஒன்று சொல்ல விட்டுப்போனது. இன்ரீச்சோ சற்றலைற் போனோ வாங்கினால், ஊருக்குப் போகிற வழியில் இந்தியாவில் இறங்கும்போது கொண்டுபோகாதீர்கள். அங்கே அரசாங்க அனுமதி இல்லாமல் வைத்திருப்பது குற்றம். விமான நிலையத்தில் பிடிபட்டு வழக்கில் மாட்டின வெளிநாட்டுக்காரர் இருக்கிறார்கள்.

கனூ எடுக்கிற இடத்தில் விசிலும், 15 மீற்றர் மிதக்கிற கயிறும், தண்ணி அள்ளுற டப்பாவும் தருவார்கள். அதெல்லாம் சட்டப்படி கனூவில் இருக்கவேண்டியவை. லைஃப் ஜாக்கெட்டைச் சீற்றுக்குக் கீழே வைக்காமல் போட்டுக்கொள்ளுங்கள், ஒக்டோபர் தண்ணியில் நீச்சல்காரனுக்கும் கை விறைத்துவிடும்.

எந்த ஏரி, எந்த இரவு எங்கே, திங்கள் எத்தனை மணிக்குக் காருக்குத் திரும்புவீர்கள் என்று எழுதி ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகவேண்டும். எட்டு மாதத்தில் அப்படிக் கொடுக்கிற அளவுக்கு இங்கே ஆள் பழக்கமில்லை என்றால் எனக்கு அனுப்புங்கள். திங்கள் இரவு ஒன்பது மணிக்கு உங்களிடமிருந்து சத்தம் இல்லையென்றால் நான் பொலிசுக்கு அடிப்பேன். காருக்கு வந்ததும் ரிம் ஹோட்டனில் கோப்பி எடுக்கமுன் ஒரு மெசேஜ் போட்டுவிடுங்கள்.