அமர்வில் வாசிக்க எந்தப் பழைய பாஞ்சோ?

கேள்வி: அயர்லாந்தின் கால்வே நகரில் வேலை பார்க்கிறேன். சில ஆண்டுகளாக மாண்டலின் வாசிக்கிறேன். வாரந்தோறும் பப்பில் நடக்கும் ஐரிஷ் மரபிசை அமர்வில் மாண்டலினின் ஒலி எடுபடுவதில்லை என்பதால், வட்ட வளையத்தில் தோல் இழுத்துக் கட்டிய தந்திக் கருவியான பாஞ்சோவில் பழையது ஒன்றை வாங்க எண்ணுகிறேன். மூன்று கருவிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது, 1920களில் பாஸ்டனில் செய்யப்பட்ட வேகா லிட்டில் வொண்டர். 17 ஃபிரெட் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்), ரெசனேட்டர் (ஒலியை முன்னால் தள்ளும் பின்பக்க மரக்கிண்ணம்) இல்லாதது. உள்ளூரில் தனிநபர் ஒருவர் விற்கிறார். இரண்டாவது, அதே காலத்து கிப்ஸன் டிபி-1. 19 ஃபிரெட், ரெசனேட்டருடன் அமெரிக்கக் கடை ஒன்றில் இருக்கிறது. மூன்றாவது, 22 ஃபிரெட் கொண்ட, கழுத்து இன்னும் நீண்ட பிளெக்ட்ரம் வகைப் பாஞ்சோ. அதன் விலை மற்ற இரண்டில் பாதிதான். எதை வாங்கலாம்?

பதில்: மூன்றில் வேகாவே உங்களுக்குப் பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் அதன் கழுத்து நேராக இருக்கிறதா என்று நீங்களே பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் பணம் கொடுக்க வேண்டும்.

முதல் இரண்டும் டெனர் எனப்படும் குட்டைக் கழுத்து, நான்கு தந்தி வகை. அந்தக் காலத்து டெனர் பாஞ்சோக்கள் அமெரிக்க நடன இசைக்குழுக்களுக்காக, சி-ஜி-டி-ஏ என்று சுருதி சேர்த்து வாசிப்பதற்காகச் செய்யப்பட்டவை. ஐரிஷ் அமர்வுகளில் இன்று வழக்கிலிருக்கும் ஜி-டி-ஏ-இ முறையைப் பரவலாக்கியவர் டப்ளினர்ஸ் என்ற ஐரிஷ் இசைக்குழுவின் பார்னி மெக்கென்னா. அது மாண்டலினுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே அமைவதால் நீங்கள் கற்ற மெட்டுகள் அப்படியே கைகொடுக்கும். விரல்களுக்கு இடையிலான தூரம் மட்டுமே மாறும். அந்தத் தூரத்தை வைத்தே கருவியைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறேன். மாண்டலினில் அதிரும் தந்தியின் நீளம் சுமார் 14 அங்குலம். 17 ஃபிரெட் டெனரில் பெரும்பாலும் 20 முதல் 21 அங்குலம். 19 ஃபிரெட் டெனரில் 22 முதல் 23 அங்குலம். இ தந்தியின் 2-ஆம் ஃபிரெட்டில் ஆள்காட்டி விரலை வைத்துக்கொண்டு, ரீல் எனப்படும் வேகமான நடன மெட்டுகளில் அடிக்கடி வரும் மேல் பி ஸ்வரத்துக்காகச் சுண்டுவிரலை 7-ஆம் ஃபிரெட்டுக்கு நீட்டிப் பாருங்கள். மாண்டலினில் சுமார் 3 அங்குலமாக இருக்கும் அந்தத் தூரம் வேகாவில் சுமார் நாலரை அங்குலமாகவும், 23 அங்குல கிப்ஸனில் 5 அங்குலத்துக்குச் சற்று அதிகமாகவும் இருக்கும். கேட்கச் சிறிய வேறுபாடாகத் தோன்றினாலும், வேகமான ரீலை மூன்று முறை சுற்றி வாசிக்கும்போது அந்த அரை அங்குலத்தைக் கை நன்றாகவே உணரும். பிளெக்ட்ரம் பாஞ்சோவில் அதே நீட்டல் 6 அங்குலத்தை நெருங்கிவிடும் என்பதால், பாதி விலை என்றாலும் அதை விட்டுவிடுங்கள்.

நீண்ட கழுத்துக்கும் ஒரு சிறப்பு உண்டு. கீழ் ஜி தந்தி அதில் இறுக்கமாக நின்று தெளிவாக ஒலிக்கும். குட்டைக் கழுத்தில் மெல்லிய தந்தியைப் போட்டால் தொளதொளவென்று ஆடும். ஜி தந்தியை 0.040 அங்குலம் அல்லது அதற்குச் சற்று மேலாகவும், இ தந்தியை 0.012 அங்குலமாகவும் போட்டுக்கொண்டால் வேகாவில் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடும். தடித்த தந்தி உட்காரும்படி நட்டின் (கழுத்தின் மேல்முனையில் தந்திகளைத் தாங்கும் சிறு கட்டையின்) பள்ளங்களை அகலப்படுத்த வேண்டியிருக்கும்; கருவி பழுதுபார்ப்பவருக்கு அது சிறிய வேலை.

கழுத்தைச் சோதிப்பதுதான் உண்மையில் முக்கியமான வேலை. கிப்ஸன் 1920களிலேயே கழுத்துக்குள் திருகித் திருத்தக்கூடிய எஃகுக் கம்பியைப் பொருத்தத் தொடங்கியது. வேகாவில் அந்த வசதி இல்லை. தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, நடுவில் தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய காகிதம் நுழையும் அளவு இருந்தால் கவலையில்லை; தடித்த அட்டையே நுழைந்தால் கழுத்து வளைந்திருக்கிறது என்று பொருள். அதைச் சூடேற்றி நிமிர்த்தவும் ஃபிரெட்டுகளை மாற்றவும் ஆகும் செலவு, பேரம் பேசிக் குறைத்த தொகையை எளிதில் விழுங்கிவிடும். 12-ஆம் ஃபிரெட்டில் தந்தியின் உயரம் 3 மில்லிமீட்டரைத் தாண்டினால், கழுத்து வளையத்தோடு சேரும் இடத்தையும் கவனியுங்கள். தனிநபரிடம் வாங்கும்போது, இணையக் கடையில் வாங்கினால் கிடைக்கும் 14 நாள் திருப்பித்தரும் உரிமை உங்களுக்கு இல்லை என்பதால், இந்தச் சோதனையை அவர் வீட்டிலேயே முடித்துவிடுவது அவசியம்.

கிப்ஸனைப் பற்றி எனக்கு இரண்டு தயக்கங்கள் உள்ளன. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் கருவியின் விலை, அஞ்சல் செலவு, சுங்கவரி ஆகியவற்றின் மொத்தத்தின்மீது பொதுவாக 23 சதவீத மதிப்புக் கூட்டு வரி சேரும். அத்துடன் அந்தக் காலத்துக் கருவிகளின் விரல்பலகை பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கலாம். அம்மரம் 1992 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருப்பதால், உரிய சான்றிதழ் இல்லாமல் எல்லை தாண்டினால் கருவியே பறிமுதலாகக்கூடும். எந்த மரம், சான்றிதழை யார் வாங்குவது, திருப்பி அனுப்பினால் செலவு யாருடையது என்ற மூன்றையும் எழுத்தில் பெறாமல் பணம் அனுப்பாதீர்கள். அதே பெயருக்காகக் கிப்ஸனின் உயர்ரகமான மாஸ்டர்டோன் வகையைத் தேடிப் போகவும் வேண்டாம். அதன் விலையைப் புளூகிராஸ் என்ற அமெரிக்க இசைவகையின் கலைஞர்களும் சேகரிப்பாளர்களும் தீர்மானிக்கிறார்கள், அமர்வில் வாசிப்பவருக்கு அந்த விலையால் பயன் எதுவும் இல்லை.

ஒலியளவைப் பொறுத்தவரை, ரெசனேட்டர் இல்லாத வேகாவே பப்புக்குப் போதும். அதுவும் உரக்கக் கேட்டால், தோலுக்கும் உள்ளிருக்கும் மரத்தண்டுக்கும் நடுவே சிறு துணியைச் செருகுங்கள். பக்கத்தில் அமர்ந்திருக்கும் ஃபிடில்காரர் நன்றி சொல்வார்.

வேகாவில் பழைய கன்றுத்தோல் இருந்தால், கால்வேயின் ஈரக்காற்றில் அது தளர்ந்து, தோலின்மேல் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் தாழ்ந்துபோகும். பிளாஸ்டிக் தோலுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் பழைய வளையங்கள் எல்லாம் இன்றைய 11 அங்குல அளவுக்குச் சரியாகப் பொருந்துவதில்லை என்பதால், வளையத்தின் வெளிவிட்டத்தை அளந்த பிறகே புதிய தோலுக்குச் சொல்லி அனுப்புங்கள்.